வெட்ட வெட்ட வளர்ந்த புண்

காலில் கட்டோடு தெருவில் நடந்தால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "சுகரா?" தபால் நிலையக் கவுன்ட்டரில் உட்காரும் எனக்கு அந்தக் கேள்வி வராத நாள் இல்லை. பென்ஷன் வாங்க வருகிற பெரியவர்கள், ஆர்.டி. கட்ட வருகிற பெண்கள், மணியார்டர் பாரம் நிரப்பத் தெரியாமல் நிற்கிறவர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். "சுகர் இல்லைங்க" என்றால் நம்பாத முகத்தோடு நகர்வார்கள். சர்க்கரை இல்லாமல் ஆறாத புண் எப்படி வரும் என்பது அவர்களுடைய சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். படித்த டாக்டர்களுக்கே விடை கிடைக்க மாதங்கள் ஆயின. அதுவரை என் கால் பட்ட பாட்டை இன்னொருவர் கால் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வந்தது பயோடெர்மா கேங்கிரினோசம். பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு 3 முதல் 10 பேருக்குப் புதிதாக வருகிற அபூர்வ நோய். எந்த வயதிலும் வரலாம். 20-லிருந்து 50 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, சற்று அதிகம். 1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிரன்ஸ்டிங், கெக்கர்மன், ஓ'லியரி என்ற மூன்று டாக்டர்கள் இதற்கு இந்தப் பெயரை வைத்தபோது, கிருமிதான் காரணம் என்று நினைத்தார்கள். பிறகு அது தவறென்று தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இதில் கிருமித் தொற்றும் கிடையாது, ரத்த ஓட்டம் நின்று சதை அழுகுவதும் கிடையாது. நம் உடம்பைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை, எதிரியே இல்லாத இடத்தில் கூட்டமாக வந்து இறங்கி, சொந்தத் தோலையே கரைத்துவிடுகிறது. நடப்பது இவ்வளவுதான்.

ஆரம்பம் அற்பமானது. ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடும்போது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் ஒரு சிராய்ப்பு. அது காய்வதற்குப் பதிலாகச் சிறு கொப்புளமாகி நுனியில் சீழ் வைத்தது. பூச்சிக்கடி என்றார் மாமியார். சில நாட்களிலேயே கொப்புளம் உடைந்து குழியாயிற்று. அந்தக் குழியின் ஓரத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த நோய் தன்னைக் காட்டிக்கொடுப்பதே அங்கேதான். ஓரம் முழுக்கக் கத்திரிப்பூ நிறத்தில் தடித்திருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு. நர்ஸ் பஞ்சு சுற்றிய குச்சியை ஓரத்தில் வைத்தால், நல்ல தோல் மாதிரித் தெரிகிற இடத்துக்கு அடியில் அது அரை விரல் அளவு உள்ளே போகும். மேலே தோல் கூரைபோல நிற்க, அடியில் குடைந்துகொண்டே போயிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கூரையும் இடிந்து, ஓரம் தள்ளிப் போயிருக்கும்.

வலியும் அப்படித்தான். புண்ணின் அளவுக்கும் வலிக்கும் பொருத்தமே இருக்காது. ஃபேன் காற்றுப் பட்டால் உயிர் போகும். புடவைத் தலைப்பு உரசினால் கண்ணில் நீர் வரும். சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண் பலருக்கு வலிப்பதே இல்லை, நரம்பு மரத்திருக்கும். நரம்பு சுருட்டலால் வரும் புண் பெரும்பாலும் கணுக்காலின் உள்பக்கத்துக்கு மேலே வரும். அது மெதுவாகப் பெருகும். ஆகவே வேகமாகப் பெருகி, அளவுக்கு மீறி வலித்து, ஓரம் ஊதா நிறத்தில் குடைந்து நிற்கிற புண் என்றால், 'இது வழக்கமான புண்தானா?' என்று கேட்டாகவேண்டும்.

யாரும் கேட்கவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் மாத்திரை, பிறகு ஊசி, பிறகு வேறு ஊசி. லேசான காய்ச்சல் இருந்தது, ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையும் கூடியிருந்தது. தொற்று என்று நினைக்க இரண்டுமே போதும். இந்த நோயிலும் அவை வரும் என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். "கறுத்த சதையை எடுத்துட்டா ஆறிடும்மா" என்று சர்ஜன் சொன்னார். முதுகில் மயக்க ஊசி போட்டு வெட்டிச் சுத்தம் செய்தார்கள். கட்டைப் பிரித்த அன்று புண் இரண்டு மடங்காக இருந்தது. "இன்னும் கொஞ்சம் டெட் டிஷ்யூ பாக்கி இருக்கு" என்று மறுபடி வெட்டினார்கள். மறுபடி பெருத்தது. கணைக்கால் சதையில் பாதி போய்விட்டது.

வெட்டியதே தப்பு என்று சொல்லமாட்டேன். சதையைத் தின்றுகொண்டே போகிற கொடிய கிருமித் தொற்று ஒன்று உண்டு; அதில் சில மணி நேரத்துக்குள் வெட்டி எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். முதல் தடவை வெட்டியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. வெட்டியபின் பெருத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு இரண்டாம் தடவை கத்தி எடுத்ததுதான் எனக்குப் புரியவில்லை.

இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, எங்கே காயம் பட்டாலும் அங்கே புதுப் புண் கிளம்பும் அல்லது இருக்கிற புண் பெருக்கும். பேதர்ஜி என்பார்கள் டாக்டர்கள். ஊசி குத்துவது, தையல் போடுவது, சதை வெட்டுவது எல்லாம் உடம்புக்குக் காயம்தான். காயம் பட்டதும் நியூட்ரோஃபில் படை இன்னும் வேகமாக இறங்கும். என் கையில் டிரிப்ஸ் ஏற்ற வென்ஃப்ளான் குத்திய இடத்திலும் சீழ்க் கொப்புளம் வந்தது. "ஊசி போட்ட இடத்தில் இன்ஃபெக்‌ஷன்" என்று ஒரு களிம்பு தடவி விட்டுவிட்டார்கள். உண்மையில் என் உடம்பே நோயின் பெயரை எழுதிக் காட்டியிருந்தது, அதைப் படிக்க ஆளில்லை.

மூன்றாவது தடவை வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம் என்று பேச்சு வந்தபோது, கூடவே வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் என் கணவரிடம் சொன்னார்: "புண்ணு தோல்லதானே இருக்கு? தோல் டாக்டர்கிட்ட ஒருமுறை காட்டினா என்ன?" எவ்வளவு எளிய யோசனை! தோல் டாக்டர் என்றால் தேமல், பொடுகு, முகப்பரு என்றுதான் நமக்கெல்லாம் நினைப்பு. ஆறாத புண்ணுக்கு அவரைத் தேடிப் போகவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் எங்களைப் பார்த்த பேராசிரியர் அம்மா புண்ணைத் தொடுவதற்கு முன்னால் கதை கேட்டார். "முதல்ல எப்படிம்மா இருந்துச்சு? கொப்புளமா, கட்டியா? எத்தனை நாள்ல உடைஞ்சுது? ஃபோட்டோ ஏதாவது இருக்கா?" நல்லவேளையாக என் கணவர் செல்போனில் அவ்வப்போது எடுத்து வைத்திருந்தார். வெட்டுவதற்கு முந்தின படம், வெட்டியபின் வந்த படம் இரண்டையும் அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். கையில் வென்ஃப்ளான் வடுவையும் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார், காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் இருவரும் விழித்தோம்.

"வயிறு எப்படி இருக்கு? மோஷன்ல ரத்தம் போகுதா?"

போனது. நாளுக்குப் பல தடவை, சளியும் ரத்தமுமாக. எங்கள் தெரு டாக்டர் மூலநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்துவந்தார். புண்ணுக்குப் போன இடத்தில் அதைச் சொல்லவேண்டும் என்று எனக்கோ, கேட்கவேண்டும் என்று அங்கிருந்தவர்களுக்கோ தோன்றவில்லை. பேராசிரியர் அம்மா அனுப்பிய கொலோனோஸ்கோபியில் பெருங்குடலில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய் இருப்பது தெரிந்தது. இந்தத் தோல் நோய் வருகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு உள்ளே வேறொரு நோய் இருக்கும்: குடல் அழற்சி, முடக்குவாதம் போன்ற மூட்டு நோய், சில ரத்த நோய்கள், அபூர்வமாக ரத்தப் புற்று. 1930-ல் அந்த மூவர் முதன்முதலில் விவரித்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கும் இதே பெருங்குடல் நோய்தான். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகத் தெரிந்த சம்பந்தம். நம் ஊரில் காலைப் பார்க்கிற டாக்டர் வயிற்றைப் பற்றிக் கேட்பதில்லை, வயிற்றைப் பார்க்கிறவர் காலைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரே டெஸ்ட் என்று எதுவும் கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் இதற்கு வரவேண்டும். எனக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்து ரத்தக் குழாய் அடைப்பு இல்லை என்று பார்த்தார்கள். ரத்தத்தில் வாஸ்குலைட்டிஸ் என்ற ரத்தக் குழாய் அழற்சி, லூபஸ், ரத்தம் உறையும் கோளாறு, புரத அளவுகள் என்று ஒரு நீண்ட பட்டியல். புண்ணின் ஓரத்திலிருந்து, நல்ல தோலும் கெட்ட தோலும் சேர்ந்த இடத்தில், ஆழமாக ஒரு துண்டு எடுத்துப் பயாப்சி. ஒரு பகுதியை மைக்ரோஸ்கோப்புக்கும் இன்னொரு பகுதியை பாக்டீரியா, காசநோய்க் கிருமி, பூஞ்சை வளர்ச்சிப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். காயம் பட்டால் பெருக்கும் என்று சொல்லிவிட்டுத் துண்டு எடுக்கலாமா என்று நான் கேட்டேன். "எடுக்காம மருந்து ஆரம்பிச்சா, அது டி.பி.யா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

மேலாகப் பஞ்சால் துடைத்து எடுக்கும் கல்ச்சரை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதும் அங்கே கற்றதுதான். எந்தத் திறந்த புண்ணின் மேற்பரப்பிலும் ஏதாவது ஒரு கிருமி குடியிருக்கும். என் பழைய ரிப்போர்ட்டுகளில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கிருமியின் பெயர் இருந்ததும், அதற்கேற்ப ஆன்டிபயாடிக் மாறிக்கொண்டே போனதும் அதனால்தான்.

2018-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து இந்த நோயைக் கண்டறிய ஒரு அளவுகோல் வகுத்தார்கள். ஓரத்தில் எடுத்த பயாப்சியில் நியூட்ரோஃபில்கள் நிறைந்திருக்கவேண்டும். அதோடு எட்டு அடையாளங்களில் குறைந்தது நாலு பொருந்தவேண்டும். தொற்று இல்லையென்று உறுதியாவது, காயம் பட்ட இடத்தில் புண் வருவது, குடல் அழற்சியோ மூட்டு அழற்சியோ இருப்பது, கொப்புளம் நாலு நாளுக்குள் உடைந்து புண்ணாவது, குடைந்த ஓரமும் சுற்றிச் சிவப்பும் வலியும், பல புண்கள் வந்து அவற்றில் ஒன்றாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் இருப்பது, ஆறிய இடத்தில் சல்லடைக் கண் போன்ற தழும்பு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தொடங்கிய ஒரு மாதத்தில் புண் சுருங்குவது என்பவை அந்த எட்டு. எனக்கு நாலுக்கு மேலேயே தேறியது.

இதைப் படித்துவிட்டு ஆறாத புண்ணையெல்லாம் இந்த நோய் என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு கட்டுரை, இந்த நோய் என்று தவறாக நினைக்கப்பட்ட 95 பேரைப் பற்றிச் சொல்கிறது. அவர்களுக்கு உண்மையில் இருந்தது ரத்தக் குழாய் நோய், வாஸ்குலைட்டிஸ், புற்று, கிருமித் தொற்று போன்றவை. தொற்று இருப்பவருக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. அதனால் 'டெஸ்ட் மேல டெஸ்ட் எழுதறாங்களே' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோயில் அந்தப் பட்டியல் தேவைதான்.

சிகிச்சை பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் தொடங்கியது, உடல் எடைக்குத் தகுந்த அளவில். ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டதும் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. "அது பழகிடும், விடவே முடியாது" என்றார் நாத்தனார். ஆனால் மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே, புண் அப்படியே இருக்க, வலி இறங்கியது. பல வாரங்களுக்குப் பிறகு நான் முழு இரவு தூங்கினேன். இது எல்லோருக்கும் நான் சொல்கிற விஷயம்: மருந்து வேலை செய்கிறதா என்று புண்ணின் அகலத்தை வைத்து முதலில் பார்க்காதீர்கள். முதலில் வலி குறையும். பிறகு சுற்றியிருக்கும் சிவப்பு மங்கும். கத்திரிப்பூ நிறம் பழுப்பாகி, தடித்த ஓரம் தட்டையாகும். அதற்கப்புறம்தான் புண் சுருங்கத் தொடங்கும். எனக்கு ஓரத்திலிருந்து மெல்லிய இழைகள் போலப் புதுத் தோல் புண்ணின் நடுவை நோக்கி நீண்டிருந்தது. சீழ் நூல் என்று நினைத்துத் துடைத்துவிடப் போன கணவரை, "அதைத் தொடாதீங்க சார், அதுதான் ஆறுற அடையாளம்" என்று டிரஸ்ஸிங் அறை சிஸ்டர் தடுத்தார்.

ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் இரண்டில் எது மேல் என்று பிரிட்டனில் 121 பேரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. ஆறு மாதத்தில் இரு பக்கமும் நூற்றுக்கு 47 பேருக்குத்தான் புண் முழுதாக ஆறியிருந்தது. ஆறியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் திரும்பவும் வந்தது. பக்க விளைவுகளும் இரண்டிலும் உண்டு, வகைதான் வேறு. ஆகவே எது உங்களுக்கு என்பது உங்கள் ரத்த அழுத்தம், கிட்னி, சர்க்கரை, எலும்பு இவற்றைப் பார்த்து டாக்டர் முடிவுசெய்யவேண்டியது. அரை வருடத்தில் பாதிப் பேருக்குத்தான் ஆறும் என்று முதல் நாளே தெரிந்திருந்தது எனக்குப் பெரிய உதவி. இரண்டாவது மாதத்தில் 'இந்த டாக்டர் சரியில்லை' என்று வேறிடம் ஓடாமல் இருந்தேன்.

புண் சின்னதாக இருந்தால் மாத்திரை இல்லாமல் மேலே பூசும் குளோபெட்டசால் அல்லது டாக்ரோலிமஸ் களிம்பாலேயே ஆறிவிடுவதுண்டு. எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டிருந்தது. ஸ்டீராய்டு அளவைக் குறைக்கும்போதெல்லாம் ஓரம் மறுபடி கன்றிப்போனது. குடலும் அடங்கவில்லை. எனவே தோல் டாக்டரும் குடல் டாக்டரும் கலந்து பேசி இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுக்க முடிவெடுத்தார்கள். டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கிற மருந்து இது. குடலுக்கும் தோலுக்கும் ஒரே மருந்து. 2006-ல் 30 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரண்டாவது வாரத்திலேயே மருந்து பெற்றவர்களில் 46 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது, வெற்று மருந்து பெற்றவர்களில் 6 விழுக்காடுதான். டிரிப்ஸில் மெதுவாக ஏற்றுவார்கள்: முதல் நாள், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. விலை அதிகம். இந்தியாவிலேயே தயாராகும் மாற்று மருந்துகள் வந்தபின் குறைந்திருக்கிறது என்றாலும் நம் சம்பளத்துக்கு இன்னும் சுமைதான். காப்பீட்டில் எது அடங்கும் என்று முதல் ஊசிக்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம் நாட்டில் இந்த மருந்துக்கு முன் கட்டாயம் செய்யவேண்டியது காசநோய்ப் பரிசோதனை. நம்மில் பலர் உடம்பில் காசநோய்க் கிருமி சத்தம் போடாமல் தூங்கிக்கொண்டிருக்கும். டி.என்.எஃப்.-ஐத் தடுத்தால் அது எழுந்துகொள்ளலாம். மார்பு எக்ஸ்ரே, தோலில் போடும் மான்டோ அல்லது ரத்தத்தில் பார்க்கும் இக்ரா, இவற்றோடு மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். யாராவது இதெல்லாம் பார்க்காமல் ஊசியை மட்டும் போட முன்வந்தால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்டீராய்டு காலத்துக்கு என்று சில வீட்டு வழக்கங்கள் உண்டு. மாத்திரையைக் காலை உணவுக்குப் பிறகு சாப்பிட்டுவிடவேண்டும். சாயங்காலம் சாப்பிட்டால் தூக்கம் போய்விடும். பசி கொல்லும்; முறுக்கு டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாலும் நாற்காலி போட்டு ஏறுவேன். எனக்கு இல்லாத சர்க்கரை அந்த மாதங்களில் எட்டிப் பார்த்தது. (கவுன்ட்டரில் "சுகரா?" என்று கேட்டவர்களுக்கு "இப்ப வந்திருக்கு" என்று சொல்லவேண்டியதாயிற்று.) மாத்திரை குறைந்ததும் அது இறங்கியது. எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதிக்கொடுத்தார்கள். முகம் உப்பியது, காரணமில்லாமல் கோபம் வந்தது. இரண்டும் மருந்தின் வேலை என்று வீட்டில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, புண் ஆறிவிட்டதென்று நாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழ நேரலாம். படிப்படியாகத்தான் இறக்கவேண்டும்.

வலி மாத்திரை விஷயத்திலும் எச்சரிக்கை. மருந்துக் கடையில் சும்மா கேட்டு வாங்குகிற டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் குடல் அழற்சி உள்ளவர்களுக்கு அதைக் கிளப்பிவிடக்கூடும். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றுப் புண்ணும் வரலாம். நான் டாக்டர் எழுதியதைத் தவிர வேறெதையும் தொடவில்லை. டிரஸ்ஸிங்குக்கு முக்கால் மணி முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டால் பாதிக் கஷ்டம் குறையும்.

இனி டிரஸ்ஸிங். சிகிச்சையில் நம் கையில் இருப்பது இதுதான், நாம் கெடுத்துக்கொள்வதும் இதில்தான். சுத்தம் செய்வது என்றால் நமக்குத் தேய்க்கவேண்டும். நுரைக்கவேண்டும், எரியவேண்டும், கறை போகவேண்டும். இந்தப் புண்ணுக்கு அது அத்தனையும் விஷம். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். ஸ்பிரிட் வேண்டாம். பிசுக்கு எடுக்கிறேன் என்று காஸைப் போட்டு உரசக்கூடாது. எனக்குச் சொல்லித்தந்த சிஸ்டர், சலைன் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, பாட்டிலை அமுக்கி மெல்லிய தாரையாகப் புண்ணின் மேல் ஓடவிடுவார். அதுவே போதும். பழைய கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கக்கூடாது. சலைனை ஊற்றி ஊறவைத்துவிட்டு ஒரு காபி குடித்து வந்தால் தானாகக் கழன்றுவிடும். ஒட்டாமல் இருக்கப் புண்ணின் மேல் பாரஃபின் தடவிய காஸ், அதன் மேல் நீர் உறிஞ்சும் பேட், அதன் மேல் ரோலர் பாண்டேஜ். பிளாஸ்திரியைத் தோலில் ஒட்டக்கூடாது, பிய்க்கும்போது தோல் உரிந்தால் அங்கே புதுப் புண் கிளம்பும். பாண்டேஜ் மேலேதான் பிளாஸ்திரி ஒட்டவேண்டும்.

கால் வீங்கினால் இறுக்கிக் கட்டச் சொல்வார்கள். அதற்குமுன் ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை என்று டாப்ளரில் தெரிந்திருக்கவேண்டும். நாமாக எலாஸ்டிக் பாண்டேஜ் வாங்கி இறுக்கக்கூடாது.

உறவுக்காரர்கள் கொண்டுவந்ததை எல்லாம் எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். மஞ்சள் பற்று, வேப்பிலை அரைப்பு, புங்க எண்ணெய், யாரோ மலையடிவாரத்தில் கொடுக்கும் பச்சிலை. அன்பால் சொல்கிறார்கள், மறுக்க முடியாது. என் மாமியார் மஞ்சளோடு வந்தபோது, "அத்தை, நீங்க அதை ரசத்துல போடுங்க, நான் குடிக்கிறேன்" என்றேன். அவருக்கும் திருப்தி, காலுக்கும் பாதுகாப்பு.

ஒவ்வொரு வாரமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து, பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். தினம் பார்க்கிறவர் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. மாதத்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். டாக்டருக்கு மருந்தைக் கூட்டவா குறைக்கவா என்று முடிவெடுக்க அந்தப் படங்கள்தான் உதவின.

நாற்றம் வரும். அதை யாரும் எழுதுவதில்லை. நீர் அதிகம் வடிகிற நாட்களில் பேடை இரண்டு வேளை மாற்றினால் பெருமளவு அடங்கும். கவுன்ட்டரில் பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கைச் சுளிக்காமல் இருந்தாலும் எனக்குச் சந்தேகம் தீராது. ஒருநாள் அவராகவே, "மேடம், இது ஒட்டுமா?" என்று கேட்டார். கேட்டதே நல்லதாகப் போயிற்று. ஒட்டாது, தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் டீ டம்ளரைத் தனியாக வைப்பது நின்றது.

இப்போது புண் மூடிவிட்டது. தழும்பு வழுவழுப்பாக இல்லை. சிறு சிறு குழிகளும் இடையில் பாலங்களுமாகச் சல்லடை போலிருக்கிறது. மருந்து தொடர்கிறது, குடலும் அடங்கியிருக்கிறது. கணைக்காலில் அடிபடாமல் இருக்க ஸ்கூட்டரை விட்டுவிட்டேன். வீட்டில் கட்டில் விளிம்புகளுக்கு ரப்பர் ஒட்டியிருக்கிறோம். கொசு கடித்த இடத்தைச் சொறிவதில்லை. புதிதாக ஒரு கொப்புளம் வந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை, அன்றே படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிடுவேன்.

பாக்கி இருப்பது ஒரே ஒரு கவலை: நாளைக்கு வேறு ஏதாவது ஆபரேஷன் என்று வந்தால்? பித்தப்பைக் கல்லோ, கர்ப்பப்பையோ, விழுந்து எலும்பு முறிவோ. ஆபரேஷன் செய்த தையலிலேயே இந்த நோய் கிளம்புவது உண்டு. அது தையலில் சீழ் பிடித்ததைப் போலவே தெரியும், மறுபடி பிரித்து வெட்டுவார்கள், மறுபடி பெருக்கும். அவசியமான ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் சர்ஜனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், தோல் டாக்டரைக் கலந்து, நோய் அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, தேவையான மருந்துப் பாதுகாப்போடு செய்யலாம். மயக்கத்தில் கிடக்கும்போது நம்மால் சொல்ல முடியாது. அதனால் பேராசிரியர் அம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கியிருக்கிறேன்: நோயின் பெயர், எந்த ஆண்டு பயாப்சி, என்ன மருந்து, 'தோல் மருத்துவரைக் கேட்காமல் புண்ணை வெட்டிச் சுத்தம் செய்யவேண்டாம்' என்ற ஒரு வரி, ஒரு ஃபோன் நம்பர். அதன் நகல் ஒன்று என் கைப்பையில் ஆதாரோடு இருக்கிறது, ஒன்று கணவரின் பர்ஸில், ஒன்று செல்போனில் படமாக. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது முதல் வேலையாக அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.